கோடை விழாவுக்கு மண்டபம் வேண்டாம்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர் ஐயா, செயலாளர் அண்ணா, பொருளாளர் அக்கா, செயற்குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடக் கோடை விழாவை மண்டபத்துக்குள் வைக்காமல், எல்லோரும் குடும்பத்தோடு சைக்கிளில் நாம் வாழும் ஜெர்மன் நகரான மூன்ஸ்டரைச் சுற்றிவந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று போன மாதக் கூட்டத்தில் கேட்டேன். முதலில் ஒரு சிரிப்பு. பிறகு வரிசையாக ஆட்சேபங்கள். நம் பெண்களில் பாதிப் பேருக்கு சைக்கிள் ஓட்ட வராது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களை எங்கே விடுவது? சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு? நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு பிரியாணிக்கு எத்தனை கிலோ அரிசி என்பதற்குப் போய்விட்டது.

அன்று என்னிடம் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாங்களே ஒரு சுற்றுப் போய்வந்தோம். இப்போது இருக்கிறது. கூட்டத்தில் பேசினால் மறுபடியும் அரிசிக் கணக்கில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியதும், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தான் அதைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார். நினைத்த இடத்துக்குப் பெண் தானே போய்வர முடிந்தால்தான் படித்த படிப்பு நிற்கும் என்பது கணக்கு. வயல்வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஓடும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அதனால் அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. என் அம்மா அந்தக் கட்சி. கம்பியில் துண்டைச் சுற்றி உட்காரவைக்கப்பட்ட பிள்ளை நான். எனக்கு அப்போது நான்கு வயது.

"அம்மாக்களை எங்கே விடுவது" என்று கேட்டீர்களே அண்ணா, எந்த அம்மாவை மனதில் வைத்துக் கேட்டீர்கள்?

அம்மா இங்கே வந்ததும் ஏறி உட்கார்ந்து ஓட்டிவிட்டார் என்று கதை விடமாட்டேன். பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி தன் பழைய சைக்கிளை இரவல் கொடுத்தார், கம்பி தாழ்வாக இருக்கும் வகை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருப்பதால் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம் மைதானம் மாதிரி காலியாகக் கிடக்கும். இரண்டு ஞாயிறு அங்கே பழகினோம். தொல்லை இரண்டு. ஒன்று, வலப்பக்கம். கை தன்பாட்டில் இடப்பக்கத்துக்கு இழுக்கிறது. இன்னொன்று பெடல். நம் ஊர் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் 'டிக் டிக்' என்று சும்மா சுற்றும். இங்கே பல வண்டிகளில் பின்னால் மிதிப்பதுதான் பிரேக். காலைத் தோதாக வைத்துக்கொள்ள அம்மா பழக்கத்தில் பெடலைப் பின்னால் தள்ள, வண்டி ஆணியடித்த மாதிரி நிற்க, அம்மா ஒற்றைக் காலில் தாவிக் குதித்து, "இது என்னடி, கழுதை மாதிரி நின்னுக்கிருது!" என்றார். மூன்றாவது தடவை பழகிவிட்டது. இங்கே புதிதாக வந்து சைக்கிள் வாங்கும் நம் மாணவர்களிடம் யாராவது முன்கூட்டியே இதைச் சொல்லலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, என் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். முன்னால் என் கணவர், அவர் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர், அதற்குள் மூன்று வயது மகனும் ஒரு டப்பா புளியோதரையும். அடுத்து ஏழு வயது மகள், அவள் பின்னால் நான். கடைசியில் அம்மா. வீட்டிலிருந்து, பழைய நகரைச் சுற்றி ஓடும் புரொமனாட பாதை வரைக்கும் நானும் மகளும் நடைபாதையில்தான் போனோம். எட்டு வயது முடியாத பிள்ளை சாலையில் ஓட்டக்கூடாது என்பது இங்கே சட்டம். நடைபாதையில் போகலாம், அல்லது சாலையிலிருந்து தனியாகப் பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதையில் போகலாம். கூடவே 16 வயது நிரம்பிய ஒருவரும் நடைபாதையில் ஓட்டிக்கொண்டு வரலாம். வீதியைக் கடக்கும்போது மட்டும் இறங்கித் தள்ள வேண்டும். "யார் பொறுப்பு" என்று கேட்டீர்கள் இல்லையா? இந்த நாட்டில் அதை ஏற்கனவே உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் புரொமனாடவை ரயில் நிலையத்துக்குப் போகும் குறுக்கு வழியாக மட்டும் பார்த்தவர்கள் நம்மில் பலர் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பழைய நகரைச் சுற்றி இருந்த கோட்டை மதிலை 18ஆம் நூற்றாண்டில், ஏழாண்டுப் போருக்குப் பிறகு இடித்து, அந்த வளையத்திலேயே மரம் நட்டுப் பாதை போட்டார்கள். சுமார் 4.5 கிலோமீட்டர். கார் கிடையாது. இரு புறமும் லிண்டன் மரங்கள் மேலே கை கோத்து நிற்கும். நடுவில் சைக்கிள், ஓரங்களில் நடப்பவர்கள். ஜூன் மாதத்தில் அந்த மரங்கள் பூக்கும்போது ஒரு வாசம் வருமே, தேனும் பசும்புல்லும் கலந்த மாதிரி, அதற்காகவே ஒரு சுற்றுப் போகலாம்.

அரண்மனை முன்னால் தொடங்கினோம். இப்போது அது பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் சிறிது தூரத்தில் புட்டன்டுர்ம். கோட்டையில் மிஞ்சி நிற்கும் கோபுரங்களில் ஒன்று. கோட்டை என்றதும் அம்மா ஆவலாக இறங்கிப் பார்த்தார். "திருமயம் கோட்டையில ஒரு மூலைக்குக் காணாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு மரங்களை அண்ணாந்து பார்த்து, "ஆனா மதில இடிச்சிட்டு மரம் வச்சானே, அவன் மனுசன்" என்றார்.

வடகிழக்குப் பக்கம் ட்ஸ்விங்கர் என்று வட்டமாக ஒரு செங்கல் கட்டடம் வரும். அதுவும் கோட்டையின் மிச்சம். நாஜிகள் காலத்தில் ரகசியப் போலீஸ் அதைச் சிறையாக வைத்திருந்து, போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தவர்களை அங்கே தூக்கிலிட்டது. அம்மா கேட்டார், சொன்னேன். அடுத்த திருப்பம் வரைக்கும் யாரும் பேசவில்லை. மகள் மட்டும் மணி அடித்துக்கொண்டே போனாள்.

வேகம் என்ன என்று கேட்பீர்கள். மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். மாணவர்கள், காலியான பியர் பெட்டியைக் கேரியரில் கட்டிய ஒருவர், என் அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு தம்பதி. ஊரில் ஆளைவிட சைக்கிள் அதிகம் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். சைக்கிளுக்கே 'லேட்சே' என்று மூன்ஸ்டர்க்காரர்கள் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மசமட்டே என்று இந்த ஊர் வியாபாரிகளும் விளிம்பில் வாழ்ந்தவர்களும் பேசிய ஒரு ரகசிய மொழியிலிருந்து வந்த சொல் அது. பின்னால் வந்தவர்கள் ஒரு தரம் மணி அடித்தார்கள், நாங்கள் வலப்பக்கம் ஒதுங்கினோம், போய்விட்டார்கள். ஒருத்தர் மட்டும் முணுமுணுத்தார். அம்மா அவருக்குத் தமிழில் பதில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

வார நாளில் காலை ஏழரை மணிக்கு இதே பாதைக்கு யாரையும் கூப்பிட மாட்டேன். அப்போது அது வேறு பாதை. கல்லூரிக்கும் வேலைக்கும் பறக்கிறவர்களின் நடுவில் ஏழு வயதுப் பிள்ளையை விட முடியாது. புரொமனாட பெரிய சாலைகளைச் சந்திக்கும் இடங்களில் கவனம் வேண்டும் என்பதும் உண்மை. நாங்கள் எல்லாச் சந்திப்பிலும் நின்றோம். லுட்கெரி சந்திப்புப் பக்கத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் படபடப்பு, இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார். சைக்கிள் விபத்து இந்த ஊரில் நடக்காத விஷயம் இல்லை. ஆனால் நாம் எல்லோரும் மண்டபத்துக்கு எதில் வருகிறோம்? காரில், தாமதமாகி, அவசர அவசரமாக.

ஒரு தவறும் செய்தோம். லாம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்தில் தொங்கும் மூன்று இரும்புக் கூண்டுகளை அம்மாவுக்குக் காட்டலாம் என்று நகருக்குள்ளே திரும்பினோம். பிரின்சிபால்மார்க்ட் முழுக்கக் கருங்கல் பாவிய தரை. டிரெய்லர் கடகடவென்று குலுங்கி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மகன் எழுந்து ஊரைக் கூட்டினான். இறங்கித் தள்ளினோம். மறுஞானஸ்நானக்காரர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர்களாக இருந்து 1536இல் கொல்லப்பட்ட மூவரின் உடல்களை அந்தக் கூண்டுகளில்தான் ஊர் பார்க்கத் தொங்கவிட்டார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்து, "இதை எறக்காம ஏன் வச்சிருக்காக?" என்றார். என்னிடம் பதில் இல்லை. விழா நாளில் உள்ளே திரும்பவேண்டாம், வளையத்திலேயே இருப்போம்.

பிறகு ஆஸே ஏரி. மனிதர் வெட்டிய ஏரிதான், சுமார் 40 ஹெக்டேர். கரையில் மூன்று கான்கிரீட் பந்துகள் கிடக்கும், ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 1977இல் முதல் சிற்பக் கண்காட்சிக்காக கிளாஸ் ஓல்டன்பர்க் செய்தவை. ஊரையே பில்லியர்ட்ஸ் மேசையாக நினைத்துப் போட்ட பந்துகள். வைத்த புதிதில் பிடிக்காதவர்கள் கூடி, உருட்டி ஏரியில் தள்ளப் பார்த்தார்களாம், அசையவில்லை. இப்போது அதே பந்தின் நிழலில் ஊரே சாய்ந்து கிடக்கிறது. அந்தக் கண்காட்சி பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 2017க்குப் பிறகு 2027. சிற்பங்கள் ஊரெங்கும் பரவிக் கிடப்பதால் சைக்கிளில் போய்ப் பார்ப்பதுதான் தோது.

பந்துக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு புளியோதரையைப் பிரித்தோம். மகளுக்கு அன்னப்பறவைப் படகைக் காட்டி, பெட்ராவின் கதையைச் சொன்னேன். 2006இல் இந்த ஏரிக்கு வந்த ஒரு கறுப்பு அன்னம், அன்ன வடிவில் செய்த வெள்ளைப் பெடல் படகு ஒன்றின் மேல் காதல்கொண்டு அதை விட்டு நகரவே இல்லை. குளிர்காலம் வந்ததும் அன்னத்தையும் படகையும் சேர்த்தே மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். உலகம் முழுக்கச் செய்தி. மகள் கண் கலங்கிவிட்டாள். அம்மா ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே, "பேசாத மரத்தக் கட்டிக்கிட்டு நம்ம ஊருலயும் நாலு பொம்பளைக அப்படித்தான் காலத்த ஓட்டினாளுக. அவளுகள யாரு பேப்பர்ல போட்டா?" என்றார். என் கணவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை கோடை விழா நடத்தியிருக்கிறோம்? ஒரு விழாவிலாவது நம் அம்மாக்கள் இப்படி வாய்விட்டுப் பேசிக் கேட்டிருக்கிறோமா? மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறும். பெரியவர்கள் சுவரோரம் நாற்காலியில். பிள்ளைகள் போனோடு மேசைக்கு அடியில். பெண்கள் பரிமாறும் மேசைக்குப் பின்னால். வெளியே வருடத்தில் எண்ணி நாற்பது நாள் அடிக்கும் வெயில். ஹம் நகரத்துக் காமாட்சியம்மன் கோயில் தேரை விட்டால், வெட்டவெளியில் நாம் ஒன்றுகூடியதாக எனக்கு நினைவில்லை.

சரி, ஓட்டத் தெரியாதவர்கள். இதுதான் உங்கள் ஆட்சேபங்களில் கனமானது, ஒப்புக்கொள்கிறேன். தெரியாது என்று நம் பெண்கள் சொல்வதில்லை, "எனக்கு எதுக்குங்க" என்பார்கள். ஊரில் வயதுக்கு வந்ததும் சைக்கிளை அண்ணன் தம்பி கைக்கு மாற்றிவிட்ட வீடுகள் உண்டு. குரங்கு பெடலோடு நின்றுபோனவர்களும் உண்டு. ஜெர்மனியின் பல நகரங்களில் அகதிகளாக வந்த பெண்களுக்கு சைக்கிள் வகுப்பு நடக்கிறது. நம்மிடம் அதைவிட வசதியான ஏற்பாடு இருக்கிறது. கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுப்பாள் என்பதுதான் அறிவொளியில் இருந்த முறை. என் அம்மா அப்படி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி ஓடி பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், பெயர் பெயராகச் சொல்வார். இப்போது ஓட முடியாது, அதட்ட முடியும். ஓடுவதற்கு நான் இருக்கிறேன். விழாவுக்கு முந்தின நான்கு ஞாயிறு, அதே காலியான கார் நிறுத்துமிடம். ஏற்கனவே மூன்று அக்காக்கள் வருகிறேன் என்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் செயற்குழு அண்ணன் ஒருவரின் மனைவி. யார் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு வாரத்தில் வராதவர்கள் நடந்தே ஏரிக்கு வரலாம், நகர மையத்திலிருந்து பதினைந்து இருபது நிமிடம். முட்டிவலிக்காரர்களுக்குப் பேருந்து இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் வரை ஒரு டிரெய்லரில் போகும். நம் உறுப்பினர்களிடம் டிரெய்லர் எத்தனை என்று நான் கேட்டுப் பட்டியல் போட்டுத் தருகிறேன். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்குப் போட்டே ஆகவேண்டும் என்று நாம் வைத்துக்கொள்வோம். ஊர் பழக்கத்தில் கேரியரில் ஆளை ஏற்றி டபுள்ஸ் மட்டும் வேண்டாம். அதற்கென்று செய்த வண்டியாக இருந்தாலொழிய போலீஸ் நிறுத்தும்.

நான் தேடியபோது சிரித்துவிட்ட ஒரு விதியும் இருக்கிறது. ஜெர்மன் சாலை விதியின் 27ஆவது பிரிவு. 15 பேருக்கு மேல் சைக்கிளில் சேர்ந்து போனால் அது ஒரு 'அணி'. இருவர் இருவராகப் பக்கம் பக்கமாகச் சாலையில் போகலாம். முதல் ஆள் பச்சை விளக்கில் கடந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள் வரைக்கும் தொடர்ந்து கடக்கலாம், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே வண்டி. முன்னால் போகிறவர் பொறுப்பாக நடத்திப்போக வேண்டும், அவ்வளவுதான். தலைவர் ஐயா, உங்களுக்குப் பின்னால் நம் சங்கம் முழுவதும் ஒரே வண்டியாக வருவதை ஜெர்மன் அரசாங்கமே அனுமதிக்கிறது. பொதுக்குழுவில் நடக்காதது. விளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், சாலையில் வரும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும்தான் இது. எட்டு வயதுக்குட்பட்டவர்கள் அங்கேயும் நடைபாதையில்தான். புரொமனாடவில் நாற்பது பேர் மொத்தமாக அடைத்துக்கொண்டு போனால் மற்றவர்களுக்கு இடைஞ்சல், அங்கே ஆறேழு பேராகப் பிரிந்து போவோம். கூட்டம் நூறைத் தொடும்போல இருந்தால் முன்னாலேயே நகராட்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், அந்தக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன்.

மழை வந்தால்? மூன்ஸ்டரில் மழை வராமலும் இருக்காது. ஒரு வாரம் தள்ளிவைப்போம். மண்டபத்துக்குக் கட்டும் முன்பணம் போல அதில் போவதற்கு ஒன்றும் இல்லை. பிரியாணியை நான் எதிர்க்கவில்லை. டபராவை யாராவது காரில் ஏரிக்கரைக்குக் கொண்டுவரட்டும், அந்தக் காரை மட்டும் மன்னிப்போம். நெருப்பு மூட்டிக் கரையில் சமைக்க வேண்டாம்.

அன்று வீடு திரும்பும்போது மணி இரண்டு. வழியில் ஐஸ்க்ரீம் கடையில் நின்றது, மகளின் சைக்கிள் சங்கிலி கழன்று என் கணவர் கை முழுக்க மையானது, மகன் ஒரு வாத்தைத் துரத்தியது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். சைக்கிளில் தீவிரமாக இருப்பவர்கள் இந்தத் தூரத்தை அரை மணியில் முடிப்பார்கள். அம்மா படியேறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறதா என்றேன். "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்றார்.

அம்மாவின் விசா 90 நாள்தான். ஆகஸ்ட் 23 அன்று திரும்புகிறார். நான்கு வார வகுப்பும் அதன் பிறகு விழாவும் அதற்குள் முடியவேண்டும் என்றால், வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் முடிவு சொல்லியாக வேண்டும். எப்படியும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் இருப்போம். பாட்டியின் சைக்கிளோடு இன்னும் இரண்டு இரவல் வண்டி சொல்லிவைத்திருக்கிறேன். பொருளாளர் அக்கா, உங்களுக்கு ஒன்றை ஒதுக்கி, சீட்டை இறக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சங்கத்தின் ஓர் உறுப்பினர், மூன்ஸ்டர்